வழிக்குறியும் வழிநடப்போனும்

முன்பின் அறியாத ஒரு காட்டினுள் ஒருவன் புகுகின்றான். வழி பிரியுமிடந்தோறும் மரத்திலோ பாறையிலோ யாரோ ஒருவர் தீட்டிவைத்த நீலநிறக் குறியொன்று காணப்படுகின்றது. அதனைப் பார்த்துப் பார்த்து நடந்து, மாலையில் யாதொரு இடருமின்றி வெளிப்படுகின்றான். இவன் அக்காட்டைத் தானே கடந்தவனாவானா? அன்றி, குறியிட்டவன் கடந்த காட்டினுள் இவன் கால்கள் மாத்திரம் சென்று மீண்டனவா? குறியிட்டவன் இவனுக்குச் செய்தது உதவியா, இவன் தானே தேடி அடைதற்குரிய ஒன்றை இவனிடமிருந்து கவர்ந்துகொண்ட செயலா?

இவ்வினா சிறிதென்று சிலர்க்குத் தோன்றலாம். பிறர்க்கு வழிகாட்டுதலையே தொழிலாகக்கொண்ட ஆசிரியர்களுக்கோ இஃது எளிதிற் கழித்துவிடத் தக்கதன்று. நம் மொழியில் வழி, ஆறு, நெறி என்னுஞ் சொற்கள் காலால் நடக்கப்படுவதற்கும் ஒழுக்கத்தால் நடக்கப்படுவதற்கும் ஒருங்கே பெயராய் நிற்றலை அறியாதார் இலர். காலால் நடக்கும் வழியை நன்கு நோக்கினால் மற்றையதன்மீதும் சிறிது ஒளி விழக்கூடும். ஆயினும் இத்தகைய பொருளைப் பொதுப்படப் பேசுதல் நீர்மேல் எழுதுதலை ஒக்கும். ஆகவே, உலகிற் குறியிட்ட நடைவழிகளுள் மிகப் பழையதென்று கொள்ளப்படும் ஒன்றனை எடுத்துக்கொண்டு, அங்கே நிகழ்ந்தவற்றை வைத்தே இதனை ஆராய்வாம்.

பிரான்சு தேசத்தின் தலைநகராகிய பாரிசுக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 60 கிலோமீற்றர் தொலைவிற் பொந்தேன்புளோ என்னும் ஊர் உளது. ஊரைச் சூழ்ந்து கிடப்பது அதே பெயருடைய பெருங்காடு. இன்று அரசுக்குரியதாயுள்ள பகுதி ஏறத்தாழ 17,000 எக்டேர் பரப்பினது. பிரெஞ்சு அரசர்கள் பல நூற்றாண்டுகளாக வேட்டமாடிய காடு அது. அதன் நிலம் பெரும்பாலும் மணல். அம்மணல்மீது மணற்கற் பாறைகள், யானைக்கூட்டம் படுத்துக் கிடந்தாற்போல, மேடுகளில் வரிசைவரிசையாய்க் கிடக்கின்றன. வளமுள்ள இடங்களில் ஓக்கு மரமும் பீச்சு மரமும் ஓங்கி நிற்க, மணலும் பாறையுமான மேடுகளைப் பைன் மரமும் பூர்ச்சமரமும் பற்றிக்கொண்டுள்ளன. பூர்ச்சமென்பது வடமொழி நூல்கள் பூர்ஜம் என வழங்கும் மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. இமயச்சாரலில் வளரும் பூர்ஜத்தின் பட்டையிலேயே காசுமீரத்தார் முற்காலத்தில் நூல்களை எழுதினர். பிரான்சிலுள்ள பூர்ச்சமும் வெண்ணிறப் பட்டையுடையது. அப்பட்டை தாள்போல உரியுந் தன்மையது. பைன் மரமோ தன் செந்நிற மேற்பட்டையைச் செதில்செதிலாக உதிர்ப்பது. இவ்விரு பட்டைகளின் இயல்பும் பின்னர் நமக்கு வேண்டப்படும்.

இவ்வூருக்கு 1832 ஆம் ஆண்டில் ஒருவர் வந்து சேர்ந்தார். குளோத் பிரான்சுவா தெனெக்கூர் என்பது அவர் பெயர். 1788 இற் பிறந்தவர். நெப்போலியன் படையிற் போர்புரிந்து காயமுற்றவர். ஊரிலிருந்த படைவீடொன்றிற் காவற்றொழில் பெற்றார். பெற்ற சிறிது காலத்தில் அரசியற் கொள்கை காரணமாக அதனை இழந்தார். தொழிலிழந்தவர் காட்டினுள் நடக்கத் தொடங்கினார். நடந்தவர் அதனைப் பிறர்க்குக் காட்ட விரும்பினார். 1839 இல் வழிகாட்டி நூலொன்று வெளியிட்டார். நூலைப் படித்தவரும் காட்டினுள் வழிதவறினர். பாறையும் மணலும் எங்கும் ஒன்றுபோலவே தோன்றும் இடத்தில், இடப்பக்கம் திரும்புக என்று ஏட்டில் எழுதுதல் எவ்வளவு பயன்படும்? ஆகவே 1842 இல் அவர் காட்டையே ஏடாகக் கொண்டார். பாறைகளுக்கிடையே ஒற்றையடிப்பாதை வகுத்து, வழி ஐயுறப்படும் இடங்களில் மரத்திலும் கல்லிலும் நீலநிற அம்புக்குறி தீட்டினார். முதலில் இவற்றையெல்லாம் வனத்துறையாரின் அனுமதியின்றியே செய்தார். கைப்பொருளைச் செலவிட்டார், நூல் விற்றுக் கிடைத்ததனையும் அதிலேயே இட்டார். 1875 இல் அவர் இறந்தபோது அவர் வகுத்த நடைவழிகள் ஏறக்குறைய 150 கிலோமீற்றர் நீளமுடையனவாய் இருந்தன.

இதனிடையே, 1849 இற் பாரிசிலிருந்து புகைவண்டி பொந்தேன்புளோவை வந்தடைந்தது. நகரத்துக் கடைக்காரரும் எழுத்தரும் தொழிலாளரும் ஞாயிற்றுக்கிழமைகளிற் கூட்டங்கூட்டமாய் வந்திறங்கினர். வேட்டைக்கு வரும் அரசருக்கு வழிகாட்ட வேட்டுவர் உண்டு. செல்வருக்குக் கூலியாள் உண்டு. ஒரு நாள் விடுமுறையும் சிறு பொதியுணவுமாக வந்தவனுக்கோ நீல அம்பு ஒன்றே துணை. அதனை நம்பி, வழிகேட்க ஒருவருமில்லாத காட்டினுள் மனைவி மக்களுடன் அவன் புகுந்தான். தெனெக்கூரின் செயலை மதிப்பிடுவார் எவரும் இந்த மனிதனை முதலிற் கண்முன் நிறுத்திக்கொள்ளல் வேண்டும். அவனை மறந்து, தனிமை என்றும் தூய்மை என்றும் பேசுதல் எளிது.

அங்ஙனம் பேசினாரும் உளர். காட்டோரத்திலுள்ள பார்பிசோன் என்னுஞ் சிற்றூரில் ஓவியர் பலர் தங்கி அக்காட்டை வரைந்துவந்தனர். தெயோதோர் ரூசோ அவருள் தலைசிறந்தவர். பழைய ஓக்கு மரங்கள் வெட்டப்படுவதையும், வெறுநிலங்களிற் பைன் நடப்படுவதையும் அவர்கள் கடுமையாக எதிர்த்தனர். நட்ட பைன் கன்றுகளை அவருட் சிலர் பிடுங்கி எறிந்தனர் என்றுங் கூறுவர். அவர்களுடைய முறையீடு வீண்போகவில்லை. 1853 இல் 624 எக்டேரும், 1861 இல் அரசாணையால் 1,097 எக்டேரும் காட்சியழகின்பொருட்டு வெட்டாது விடப்பட்டன. இயற்கையழகைக் காத்தற்பொருட்டு அரசு நிலம் ஒதுக்கியவற்றுள் இது மிக முற்பட்டது. அமெரிக்கரது யெலோசுத்தோன் தேசியப் பூங்கா 1872 இலேயே அமைக்கப்பட்டதென்பதை நினைவுகூர்க. இவ்வோவியர் போன்றோர்க்குத் தெனெக்கூரின் அம்புக்குறிகளும் உவப்பாயிருக்கவில்லை. காடு கடைத்தெருவாயிற்று, பாறையில் நீலம் அப்பப்பட்டது, தனிமையை நாடிச் செல்வார்க்கு இனி இடமில்லை என்பது அவர்தம் குறை.

இக்குறையைப் பொறாமையென்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. மிகுதியான கால்கள் மணலைக் கரைக்கும்; கூச்சல் பறவையை ஓட்டும்; பாறையில் இட்ட வண்ணம் கண்ணை உறுத்தும். எல்லார்க்கும் திறந்துவிடப்பட்ட ஒன்று எல்லாராலும் தேய்வுறும் என்பது மெய்யே. ஆனால் இங்கே ஒன்று கேட்கப்படல் வேண்டும். தனிமையை வேண்டிய அவ்வோவியர் தாம் எவ்வழியாற் காட்டினுட் சென்றனர்? விறகுவெட்டுவோரும் கரிசுடுவோரும் தேய்த்த தடங்களாலும், வேட்டைக்காக அரசர் வெட்டுவித்த நேர்ச்சாலைகளாலுமே சென்றனர். அவையும் பிறர் இட்ட குறிகளே. பழமையாற் குறியென்று தோன்றாது நிற்பவை அவை. புதுமையாற் குறியென்று தோன்றி நிற்பது நீல அம்பு. நாம் முதலிற் பெற்ற உதவியை இயற்கையென்றும், நமக்குப் பின் வந்தோர் பெறும் உதவியைக் கேடென்றும் கொள்ளுதல் கற்றோரிடத்தும் காணப்படும் ஒரு குறைபாடு. தான் இளமையில் ஆசிரியரிடம் வரிவரியாகப் பதவுரை கேட்டுப் பயின்ற புலவர், இக்காலத்துப் பிள்ளைகளுக்கு உரைநூல் எதற்கு என்று சினப்பதை நாம் கேட்டதில்லையா?

பைன் மரத்தின் கதையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. அக்காட்டிற் பைன் பெருக விதைக்கப்பட்டது 18 ஆம் நூற்றாண்டின் இறுதி முதலேயாம். ஓவியருக்கு அது வந்தேறி. கருகிய முகத்தோடு படைவீரர்போல் அணிவகுத்து நின்று காட்டைக் கெடுப்பது. இன்று அக்காட்டுக்கு வருவோர் பாறைமேட்டில் நின்று வியப்பது அப்பைன்களையும் அவற்றிடையே வெள்ளிக்கோல்போல் நிற்கும் பூர்ச்சங்களையுமே. அவற்றைத் தொன்றுதொட்டு நிற்பனவென்றே அவருட் பலர் எண்ணிக்கொள்வர். இதனால் ஓவியர் எதிர்த்தது பிழையென்று சொல்லவந்தோமல்லேம். அவர் எதிர்த்திராவிடின் அவ்வோக்கு மரங்கள் இன்று இல்லை. மனிதன் கை படாத காடு, பிறர் குறி படாத வழி என்பன நாம் எண்ணுமளவு மிகுதியாக உலகில் இல்லை என்பதே ஈண்டுக் கருதியது. வேறொன்றும் உண்டு. மரங்களைக் காக்க வேண்டுமென்னும் முறையீட்டுக்கு நாளடைவிற் பொதுமக்களின் துணை கிடைத்தது. அம்மக்கள் அம்மரங்களைக் கண்ணாற் கண்டிருந்தனர். கண்டது எவ்வழியால் என்பதனைக் கூறவேண்டுவதில்லை.

தெனெக்கூரைப் பாராட்டி 1855 இல் ஒரு தொகுப்பு நூல் வெளிவந்தது. தெயோபில் கோத்தியே, ஜெரார் தெ நெர்வால், ஜோர்ஜ் சாந் முதலாய எழுத்தாளர் பலர் அதில் எழுதினர். இயற்கையைப்பற்றிச் செய்யுள் வேண்டுமென்று கேட்கப்பட்ட பொட்லேர் என்னும் கவிஞர், செடிகொடிகளைக் கண்டு உருகுதல் தம்மால் இயலாதென்று மறுமொழி எழுதி, நகரத்து அந்திப்பொழுதைப் பாடிய செய்யுட்களை அனுப்பிவைத்தார். அதனையும் அந்நூலிற் சேர்த்துக்கொண்டனர். பாராட்டு நூலில் இத்துணை நேர்மைக்கு இடமிருந்தது நமக்கு வியப்பே.

இனி, முன் எழுப்பிய வினாவுக்கு வருவாம். குறியைப் பின்பற்றுபவன் பிறனுக்கு அடிமையாய் நடக்கின்றான். அவன் நடை அவனுடையதன்று என்பர் ஒருசாரார். இஃது ஒருவாறு உண்மை, ஒருவாறு உண்மையன்று. குறி காட்டுவது திசையை மாத்திரமே. மேட்டில் ஏறும்போது இளைப்பது குறியன்று. பைன் ஊசிகள் உதிர்ந்து மெத்தைபோற் கிடக்கும் இடத்திற் காலடியோசை அவிந்துபோவதனை உணர்வதும், மழை விட்டபின் எழும் பிசின் மணத்தை நுகர்வதும், பூர்ச்சத்தின் இலை காற்றில் நடுங்குவதனைக் காண்பதும் குறியின் செயலல்ல. இவையெல்லாம் நடப்போனுக்கே உரியவை. அவனுக்காக இவற்றை வேறொருவர் செய்துவைக்க இயலாது. வழிதவறுவோம் என்னும் அச்சம் நீங்கினாலன்றி இவற்றிற் கருத்துச் செல்லுதலும் அரிது. ஆகவே குறியானது நடப்போனிடமிருந்து ஒன்றனைக் கொள்ளுகின்றதெனின், மற்றொன்றற்கு இடமும் செய்துகொடுக்கின்றது.

ஆயினும் குறிவழி நடப்போர் இருவகையினர். ஒருவன் ஒரு குறியைக் கண்டபின் அடுத்த குறி வரையும் காட்டைப் பார்த்துக்கொண்டு செல்கின்றான். பாறை இன்ன வடிவினது, கதிரவன் இன்ன பக்கம் நின்றான், நிலம் இன்ன இடத்திற் சரிந்தது என்பன அவன் அறியாமலே அவன் மனத்திற் பதிகின்றன. மற்றவன் ஒரு குறியைக் கண்டவுடன் அடுத்த குறி எங்கே என்று தேடுகின்றான். அதனைக் கண்டால் அதற்கடுத்தது. மாலையில் அவனைக் கேட்டால் நீலநிறம் கண்டேன் என்பான். இருவரும் ஒரே வழியால் வந்து ஒரே இடத்தை அடைந்தனர். இடையில் ஒரு மரம் விழுந்து ஒரு குறி மறைந்திருந்தால் வேற்றுமை அப்போதே வெளிப்படும். முன்னவன் சிறிது நின்று, சுற்றும் பார்த்து, ஒருவாறு துணிந்து நடப்பான். பின்னவன் நின்ற இடத்திலேயே நிற்பான். அல்லது கலங்கித் தோன்றிய திசையில் ஓடுவான். குறிகள் அவனைக் காட்டைக் கடத்திவிட்டனவேயன்றிக் காட்டினை அறிவிக்கவில்லை.

நம் வகுப்பறைகளிற் பின்னவனைப் போன்ற மாணாக்கர் எத்தனைபேர் என்பதனை ஆசிரியர்களே அறிவர். பரீட்சைக்கு வரத்தக்க வினாவும் அதற்குரிய விடையும் தலைப்புத் தலைப்பாக எழுதிக்கொடுக்கப்பட்டு, அவை மனனமாய், வினா ஒரு சொல் மாறி வந்தவுடன் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுக் கூரையைப் பார்க்கின்ற பிள்ளை குற்றவாளியல்லன். அவன் நன்றாகவே நடந்தான். காட்டைப் பார்க்கும்படி எவரும் அவனுக்குச் சொல்லவில்லை. இக்குற்றம் குறியின்பாற்பட்டதன்று, குறியிடும் முறையின்பாற்பட்டது என்பது நம் கருத்து.

குறியிடும் முறையை உற்றுநோக்கினால் அதற்கென ஒரு சிக்கனம் இருத்தல் புலனாகும். நடைவழிகளிற் குறியிடப் பயின்றோர், வழி ஒன்றேயாய்த் தெளிவாகச் செல்லுமிடத்துக் குறிகளை அடுக்கமாட்டார். பிரியுமிடத்து ஒன்று இடுவர். பிரிந்தபின் சிறிது தூரத்தில், வந்த வழி சரியென்று உறுதிப்படுத்த மற்றொன்று இடுவர். ஐயம் பிறக்குமிடத்தைக் கண்டறிதற்கு, அவ்வழியை நன்கறிந்த அவர், அதனை முன் ஒருபோதும் கண்டிராதவன் கண்ணாற் பார்த்தல் வேண்டும். அறிந்தவனுக்கு இதனினும் அரியதொன்றில்லை. தனக்கு ஐயமில்லாத இடத்திலெல்லாம் பிறர்க்கும் ஐயமிராதென்று எண்ணுவதே அறிவுடையார் இயல்பு. பிரான்சில் 1947 முதலாக நெடுந்தூர நடைவழிகளுக்கு வெள்ளையுஞ் சிவப்புமான இரு கோடுகள் குறியாக வழங்கிவருகின்றன. பொந்தேன்புளோக் காட்டிலும் அவற்றைக் காணலாம். அம்முறையில் ஒரு சிறப்பான குறி உண்டு. வழியல்லாத வழியின் தொடக்கத்தில் அவ்விரு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக் குறுக்காக நிற்கும். இங்கே அன்று என்பது அதன் பொருள். செல்லவேண்டிய வழியைக் காட்டுவதோடு அமையாது, எவ்விடத்துப் பிழைபடுவான் என்பதனையும் முன்னரே எண்ணி அவ்விடத்தில் ஒருவன் காத்து நின்றாற்போன்றது அது. மாணாக்கன் எவ்வாறு தவறாக விளங்கிக்கொள்வான் என்று முன்கூட்டியே எண்ணிச் செல்லும் ஆசிரியர்க்கு இதன் அருமை விளங்கும்.

இக்குறியிடும் வழக்கம் நம் முன்னோர்க்கும் தெரியாததன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாத்தில், நன்னனிடம் பரிசில் பெற்று மீள்வோன் எதிர்ப்பட்ட கூத்தருக்கு மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூறுகின்றான். வழிகள் கூடுமிடத்திற் புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்லும்படியும் அவர்களுக்கு அறிவுறுத்துகின்றான். பின் வருவோர் மயங்காதிருத்தற்பொருட்டு அது. இதிற் கருதத்தக்கது யாதெனின், குறியிடுமாறு சொல்லப்படுவோர் அந்நிலத்துக்குப் புதியவர். தாமே வழிகேட்டு நடப்பவர். வழி நன்கு அறிந்தபின் குறியிடுவோம் என்று அவர் காத்திருக்க வேண்டுவதில்லை. தாம் கடந்த ஒரு கவர்வழியளவில் அவர் அறிந்தவர். அவ்வளவுக்கு அவர் பின்வருவோர்க்குக் கடன்பட்டவர். ஆற்றுப்படை என்னும் நூல்வகை முழுவதும் இக்கடன்மீதே நிற்கின்றது. பெற்றவன் பெறாதவனை ஆற்றுப்படுத்துகின்றான். அவனுக்குப் பதிலாகச் சென்று பரிசிலை வாங்கிவந்து கொடுப்பதில்லை.

இவ்வளவும் குறி மெய்யானதாயின் பொருந்தும். தெனெக்கூரிடத்து நமக்கு முரண்பாடு தோன்றுவது இங்கேதான். அவர் வழி காட்டியதோடு நிற்கவில்லை. மரங்களுக்கும் பாறைகளுக்கும் பழைய அரசர், தேவதைகள், வீரர் ஆகியோர் பெயர்களைச் சூட்டினார். காட்சி போதாதென்று தோன்றிய இடத்திற் குகைகளை அகழ்ந்து பெருக்கினார். கள்வர் பதுங்கிய குகை இது, இன்னது நிகழ்ந்த இடம் அது என்று கதைகளும் கட்டினார். மக்கள் மகிழ்ந்தனர், நூலும் விற்பனையாயிற்று. அவர் உள்ளத்தில் வஞ்சகம் இருந்ததென்று நாம் எண்ணவில்லை. தாம் காதலித்த காட்டைப் பிறரும் காதலிக்கவேண்டுமென்னும் ஆர்வமே அவரை அவ்வாறு செய்வித்தது. ஆயினும் அவருடைய அம்பும் அவருடைய கதையும் ஒருதன்மையனவல்ல. அம்பு பொய்யாயின் நடப்போனது காலே அதனைக் கண்டுபிடித்துவிடும். அவன் பாறையில் முட்டிக்கொண்டோ முட்புதரில் அகப்பட்டோ திரும்பிவருவான். கதை பொய்யாயின் அதனைக் கண்டுபிடிக்க அவனிடத்து ஒரு கருவியுமில்லை. மெய்யான அம்பு நூறு கண்டு அவன் வளர்த்துக்கொண்ட நம்பிக்கையின்மேல் ஏறிக்கொண்டு பொய்க்கதை வீடுவரை செல்கின்றது. அவன் பிள்ளைகளுக்கும் சொல்லப்படுகின்றது. சோதித்தறியக்கூடிய இடத்தில் உண்மையாயிருந்து பெற்ற நம்பிக்கையைச் சோதித்தறிய முடியாத இடத்திற் செலவிடுதல், நல்லெண்ணத்தோடு செய்யப்படினும், வழிகாட்டுவோர் செய்யுங் குற்றங்களுட் பெரியது என்று நாம் துணிகின்றோம்.

பிள்ளைகள் சுவைத்துக் கேட்பதற்காகச் சரித்திரப் பாடத்தில் ஒரு சிறு கதையைச் சேர்த்தால் என்ன என்று கேட்கும் ஆசிரியரை நாம் அறிவோம்; அவர் நல்லாசிரியருமாவர். கதையென்று சொல்லிக் கதை கூறுதலில் யாதொரு குற்றமுமில்லை. கூட்டலும் கழித்தலும் பிழையறக் கற்பித்தவர் வாயிலிருந்து வருவதனாலேயே அதனையும் மெய்யென்று பிள்ளை கொள்ளும்படி விடுதல் வேறு. பொந்தேன்புளோவின் பாறைகளுக்குக் கதை வேண்டியதேயில்லை. முன்னொருகால் அந்நிலத்தின்மேற் கடல் இருந்தது. அது விட்டுச்சென்ற மணலே கோடிக்கணக்கான ஆண்டுகளில் இறுகிக் கல்லாயிற்று. கள்வர் கதையினும் இது குறைந்த வியப்புடையதா?

தெனெக்கூர் அனுமதியின்றிக் குறியிட்டதனைப் பற்றியும் சிலர் கேட்கலாம். பொதுநிலத்தில் ஒருவர் தம் விருப்பப்படி வண்ணந் தீட்டத் தொடங்கினால் நாளை நூறுபேர் தொடங்குவர் என்பது நியாயமே. எனினும் அவர் குறியிற் காட்டினும் வழியில் தமக்கென ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. வனத்துறையாரும் நாளடைவிற் பொறுத்துக்கொண்டனர். இதனை நீட்ட வேண்டுவதில்லை.

நீட்ட வேண்டுவது வேறொன்று. ஒரு வழியை வகுப்பவன் எதனைக் காட்டுவதென்று தீர்மானிப்பதோடு, எதனைக் காட்டாது விடுவதென்றும் தீர்மானித்துவிடுகின்றான். தெனெக்கூரின் வழிகள் ஊரிலிருந்து ஊருக்குச் செல்வனவல்ல. பாறைகளிடையே வளைந்து வளைந்து, காணத்தக்கதென்று அவர் கருதிய ஒவ்வொன்றனையும் தொட்டுக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே மீள்வன. அவர் வளைத்த இடத்தில் ஆயிரவர் நின்று பார்த்தனர். அவர் வளைக்காது சென்ற இடத்தில், அதனினும் அழகிய பூர்ச்சந்தோப்பு ஒன்று இருந்திருப்பினும், நின்றார் சிலரே. ஒருவருடைய சுவை இவ்வாறு ஒரு நாட்டாரின் சுவையாய்விட்டது. இதற்குப் பரிகாரம் குறிகளை அழித்தலன்று. அழித்தால் அவ்வாயிரவரும் ஒன்றுங் காணாது போவர். காட்டைப் பார்த்து நடந்த அந்த முதல் வகையினன் இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ வரும்போது, குறியில்லாத ஒரு பக்கம் தன் கண்ணை இழுக்கக் கண்டு, சிறிது விலகிப் பார்ப்பான். திரும்பிவந்து சேரக் குறியிட்ட வழி அங்கேயே இருக்கின்றது என்னுந் துணிவே அவனை விலகச்செய்வது. விலகுந் துணிவைத் தராத குறியும், விலகினாற் சினக்கும் ஆசிரியரும் நடப்போனைப் பாதிவழியில் நிறுத்திவிடுவர். தாம் சொல்லிக்கொடுத்த முறையல்லாத வேறொரு முறையாற் கணக்குக்கு விடை கண்ட பிள்ளையின் கொப்பியிற் சிவப்புக்கோடு இழுக்கும்முன், அந்த முறையைத் தாமும் ஒருமுறை நடந்து பார்க்க எத்தனைபேர் உடன்படுவர்?

தெனெக்கூருக்குப் பின் சார்ல் கொலினே என்பவர் அப்பணியை ஏற்று, வழிகளை மேலும் பெருக்கி, 1905 இல் இறந்தார். 1907 இல் அக்காட்டின் அன்பர்கள் ஒரு சங்கம் நிறுவினர். அவ்விருவர் பெயராலும் வழங்கும் அந்நடைவழிகளை அச்சங்கத்தாரே இன்றுவரை பேணி வருகின்றனர். வழிகளுக்கு இப்போது எண்களும் உண்டு. குறியின் நிறம் அதே நீலம். பாறையில் இட்ட குறி சில காலம் நிற்கும். மரத்தில் இட்டது நில்லாது. பைன் தன் செதிலை உதிர்க்கும்போது நீலமும் துண்டுதுண்டாய் உதிர்கின்றது; பூர்ச்சத்தின் பட்டை உரியும்போது குறி முழுவதும் ஒரு தாளாய்க் கழன்று மணலில் விழுகின்றது. இன்று அங்கே நாம் காணத்தக்க குறிகளுள் மரத்திலுள்ள ஒன்றேனும் தெனெக்கூரின் கையால் தீட்டப்பட்டதன்று. ஆண்டுதோறும் யாரோ ஒருவர் வண்ணச்சிமிழும் தூரிகையுங் கொண்டு அவ்வழியால் நடந்து, புதியவன் எவ்விடத்தில் மயங்குவான் என்று நின்று பார்த்து, மங்கியதன்மேல் மீண்டும் தீட்டிச் செல்கின்றார். அவர் பெயர் குறியின் பக்கத்தில் எழுதப்படுவதில்லை.